தகப்பன் பெயர் வீரன்

1

கடல் தாண்டியவன் எழுதும் எதுவும் 'இங்கு யாவரும் சுகம்' என்றுதான் ஆரம்பிக்கும். இந்தத் தடவை அப்படி ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம். இருபது நாளாக இறங்காத கோபம். யார் மேல் என்று கேட்டால் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அதில் முதல் ஆள் நான்.

ஊரில் இந்தப் பத்திரிகையைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. பேர் சுப்பையா. பினாங்குத் தீவுக்கும் எதிர்க்கரையில் இருக்கும் பிறைக்கும் நடுவே நாள் முழுதும் போய்வரும் நீராவிப் படகில் டிக்கெட் வாங்கிக் கிழிப்பது என் வேலை. பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவனல்ல. ஜனங்கள் பேசுவதைக் கேட்பதுதான் என் படிப்பு. யாராவது நன்றாக ஒன்று சொல்லிவிட்டால், கிழித்த டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். போன மாதம் ஒரு பெரியவர் தன் மருமகனைப் பற்றி, "அவன் பேச ஆரம்பிச்சான்னா பிறை வந்துரும், விஷயம் வராது" என்றார். அதையும் எழுதிவைத்திருக்கிறேன். என்னைப் பற்றியும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் தெருச் சங்கத்தின் ஆண்டு விழா. 'மாதர் பெருமை' என்று ஒரு கூட்டம் வைத்தோம். நோட்டீசில் நாலு பேச்சாளர் பெயர். நாலும் ஆண்கள். மாதர் எல்லாம் தட்டிக்குப் பின்னால் நாற்பது பேருக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் மூன்று பேர் புராணத்திலிருந்து ஆளுக்கு ஒரு பத்தினியை இறக்கிவிட்டுப் போனார்கள். நாலாவதாக நான் எழுந்தேன்.

நான் புராணம் பேசவில்லை. கப்பல் விட்டு இறங்கிய இடத்தில் துணையில்லாமல் நின்ற ஒரு பையனை, முன்பின் தெரியாத ஒரு பெண் தன் தம்பி என்று சொல்லிக் காப்பாற்றிய கதையைச் சொன்னேன். அந்தப் பையன் நான்தான் என்றும் சொன்னேன். சபை அப்படியே அசந்துவிட்டது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கைதட்டல் நிற்கவில்லை. தட்டிக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் தோளைத் தொட்டார். "யாரண்ணே அந்தம்மா? கடைசிவரைக்கும் பேர் சொல்லலையே?"

"அவங்க ஊருக்குத் திரும்பிப் போயிட்டாங்க" என்றேன்.

அந்த அம்மாள் அப்போது சுங்கை பாக்காப்புக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில், தன் அறையில் இருந்தாள். படகும் பஸ்ஸும் சேர்த்து இரண்டு மணி நேரப் பயணம். பேர் செல்லாயி. அன்று மேடையில் சொல்லாத பேரை இன்று சொல்லிவிட்டேன். அவள் பேரை ஏன் விழுங்கினேன் என்பதுதான் மீதிக் கதை.

2

இந்த மாதத்தோடு நான் கரையேறி இருபத்துநாலு வருஷம்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. சித்தப்பாவோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். கப்பல் நேராகப் பினாங்குக்குள் விடாது. தெற்கே ஒரு தீவில் இறக்கி, நோய்நொடி பார்த்து, ஒரு வாரம் கொட்டகையில் அடைத்துவைத்துத்தான் விடுவார்கள். மூன்றாம் நாள் சித்தப்பாவுக்கு வாந்தி கண்டது. நாலாம் நாள் அவரைத் துணியில் சுற்றித் தூக்கிப்போனார்கள். எந்தப் பக்கம் கொண்டுபோனார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

வெளியே விடுகிற அன்றைக்கு வரிசை. மேசையில் ஒரு துரை, பக்கத்தில் தமிழ் பேசுகிற ஒரு மொழிபெயர்ப்பாளர், நடுவில் தடிமனான ஒரு புத்தகம்.

"துணை யாரு?" என்றார் அவர்.

துணையில்லாத சின்னப் பையன்களை அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கொட்டகை முழுக்கப் பேச்சு. திரும்பிப் போக அங்கே எனக்கு யாரும் பாய் விரித்துவைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. அம்மா போன மறுவருஷமே அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டார். சித்தப்பா என்னைக் கேட்டதும், அண்ணனை நிறுத்திக்கொண்டு, இவனை எடுத்துக்கொண்டு போ என்று கொடுத்துவிட்டார்.

"துணை யாருடா?"

"என் தம்பிங்க." குரல் எனக்குப் பின்னால் இருந்து வந்தது. இருபத்திரண்டு வயசிருக்கும் ஒரு பெண். அவளும் அவள் புருஷன் மாயாண்டியும் ஒரு கங்காணியோடு தோட்டத்துக்குப் போகிறவர்கள். கொட்டகையில் எனக்கு எதிர்ப் பாயில் படுத்திருந்தார்கள். சித்தப்பாவைத் தூக்கிப்போன அன்று நான் மூலையில் உட்கார்ந்து அழுதபோது, கஞ்சியைக் கொண்டுவந்து வைத்து, "அழுவுறதுன்னா குடிச்சிட்டு அழு. வெறும் வயித்துல அழுதா சத்தமே வராது" என்று சொன்னவள். அதுவரை அவளோடு எனக்கிருந்த உறவு அவ்வளவுதான்.

"கூடப்பிறந்தவனா?"

"ஆமாங்க."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே."

"தகப்பன் பேரு?"

நான் வாயைத் திறந்தேன். 'அருணாசலம்' என்று வரப்போகிறது. என் காலை ஒரு குதிகால் நசுக்கியது.

"வீரன்" என்றாள் செல்லாயி. அது அவளுடைய தகப்பன் பேர்.

மாயாண்டி மச்சான் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு முன்போ பின்போ அவர் கடலை அவ்வளவு அக்கறையாகப் பார்த்து நான் கண்டதில்லை. துரை எழுதினார். வீரன் மகன் சுப்பையா. முத்திரை விழுந்தது. அந்த நிமிஷம் முதல் இந்த நாட்டு அரசாங்கத்துக்கு என் தகப்பன் வீரன். என் வேலைச் சீட்டில் வீரன். என் மகள் பிறந்த காகிதத்தில், பாட்டன் பேர் வீரன்.

3

வீரன் என்ற பேரைக் கேட்டதும் அங்கே படிக்கிற உங்களில் சிலபேர் உட்கார்ந்த இடத்தில் கொஞ்சம் நகர்ந்துகொண்டிருப்பீர்கள். எனக்குத் தெரியும். எந்தத் தெருவில் அந்தப் பேர் வைப்பார்கள், எந்தத் தெருவில் வைக்கமாட்டார்கள் என்ற கணக்கு நம் ஊரில் ஆறு வயதுக் குழந்தைக்கும் அத்துப்படி. அருணாசலத்தின் வீட்டு வாசலில் வீரன் நின்றால் பத்தடி தள்ளித்தான் நிற்கவேண்டும். கடலைத் தாண்டினால் அதெல்லாம் உப்புத் தண்ணீரில் கரைந்துவிடும் என்று யாராவது உங்களுக்கு எழுதினால் நம்பாதீர்கள். மூட்டையில் முதலில் கட்டிக்கொண்டு வருவது அதைத்தான்.

இரண்டரை வருஷம் அக்காள் வீட்டில் இருந்தேன். லயத்தில் ஒரே அறை. விடிவதற்குள் எழுந்து பெரட்டுக்கு, அதாவது கங்காணி பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுகிற இடத்துக்கு, ஓடவேண்டும். பிறகு ரப்பர்ப் பால்மரக் காடு. முதல் நாள் பாம்பைப் பார்த்துவிட்டு, பால் வெட்டும் உளியைப் போட்டு ஓடி வந்தேன். "அதுக்கும் வேலை இருக்குடா. உன்னைக் கடிக்கவா இவ்வளவு காலையில எந்திரிச்சிருக்கு? போ, போய் மரத்தை வெட்டு" என்று திருப்பி அனுப்பினாள்.

என் எழுத்தும் அவளால் வந்ததுதான். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அச்சடித்த காகிதத்தைக் கண்டால் விடமாட்டாள். கடையில் கருவாடு மடித்து வரும் காகிதத்தை நீவி என்னிடம் நீட்டுவாள். "என்னடா போட்டிருக்கு? படி." எனக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்ல ரோஷம். அதனால் காகிதத்தைப் பார்த்தபடி ஒரு கதை விட்டேன். ஒரு ராஜாவுக்குக் காய்ச்சல், வைத்தியர் வந்தார், பலிக்கவில்லை, ராஜா செத்துப்போனார். அக்காள் உச்சுக்கொட்டினாள்.

மறுநாள் அதே காகிதத்தைத் தந்தாள். "இன்னொரு தரம் படி."

எனக்கு முந்தின நாள் கதை மறந்துபோயிருந்தது. ராஜாவுக்கு ஜாம்ஜாம் என்று கல்யாணம் செய்துவைத்தேன்.

"நேத்து செத்தவன் இன்னைக்கு மாலையோட உக்காந்திருக்கானே?" என்றாள். மாயாண்டி மச்சான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த வெட்கத்தில்தான் நான் படித்தேன். கடைப்பலகை, தீப்பெட்டி, மூட்டை மேல் குத்திய எழுத்து என்று ஒன்று ஒன்றாகப் பிடித்தேன். ஒன்பது மாதம் கழித்து ஒரு காகிதத்தை நிஜமாகவே படித்துக்காட்டினேன். சும்மா விடுவாளா? இன்னொரு தரம் படி என்றாள். மாறாமல் வந்தது. அன்றைக்கு எனக்கு மட்டும் இரண்டு துண்டு கருவாடு.

எழுத்துத் தெரிந்ததும் அப்பாவுக்குக் கடிதம் போட்டேன். சித்தப்பா போனதையும், என்னை இன்னார் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதையும் எழுதினேன். பதில் நாலு வரி. அந்த வீட்டில் கைநனைத்தவன் இனி இந்த வீட்டுப்படி ஏறவேண்டாம். வேறு ஒன்றுமில்லை. தம்பி செத்ததற்குக்கூட அதில் ஒரு வார்த்தை இல்லை.

அந்தக் கடிதத்தை அக்காளுக்குப் படிக்கும்போது மட்டும் பழைய வழக்கப்படி கதை விட்டேன். அப்பா சுகம், உங்களுக்கெல்லாம் ஆசீர்வாதம் சொன்னார் என்றேன். அவள் இன்னொரு தரம் படிக்கச் சொல்லவில்லை.

4

பிறகு நான் பட்டணத்துக்கு வந்தேன். படகில் வேலை கிடைத்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த பார்வதியைக் கட்டினேன். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போட்டால், மற்ற இரண்டும் அவன் கூடப்பிறந்தவள் போடவேண்டும் அல்லவா? பார்வதியின் தகப்பனார் நகரசபை ரோட்டு வேலைக்காரர். "அக்கா இருக்குல்ல? முடிச்சுப் போடச் சொல்லு, பசிக்குது" என்றார். அதோடு சரி. செல்லாயி அக்காள் போட்ட முடிச்சு இருபது வருஷமாக நிற்கிறது. என் மகள் ஜானகி பிறந்தபோது முதன்முதல் நாக்கில் சேனைத் தண்ணீர் தொட்டு வைத்தவளும் அவள்தான்.

ஜானகிக்கு இப்போது பதினெட்டு. கான்வென்ட் என்கிற கன்னிமார் பள்ளியில் இங்கிலீஷ் படித்தவள். தோழிகளோடு இங்கிலீஷ், பக்கத்து வீட்டில் மலாய், எங்களோடு, இந்த ஊர் வழக்கப்படி கடைசியில் 'லா' போட்டு ஏதோ தமிழ். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள் என்று நானும் இதே பத்திரிகையில் முன்பு ஒப்பாரி வைத்திருக்கிறேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்று பின்னால் தெரியும்.

தைப்பிங்கில் ஒரு வரன் அமைந்தது. மாப்பிள்ளை ரயில்வேயில் எழுத்து வேலை. நல்ல பையன். தகப்பனார் நம் சீமையிலிருந்து வந்து ஐந்தாறு வருஷமே ஆனவர், நம்ம ஆட்கள். பேசி முடித்து, நாளும் குறித்தாயிற்று. அந்த நேரத்தில்தான் எங்கள் 'மாதர் பெருமை' நோட்டீஸ் யார் மூலமோ அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் 'வீ. சுப்பையா' என்று அடித்திருந்தது.

பார்க்க வந்தார். வெற்றிலை போட்டார். "சம்பந்தி, வீ-ன்னா என்ன? வீரராகவனா, வீரபத்திரனா?"

"வீரன்" என்றேன்.

மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

நான் பதறிப்போய் முழுக் கதையையும் கொட்டினேன். மேடையில் சொன்ன அதே கதை. மேடையில் சொன்னபோது இருந்த பெருமிதம் குரலில் இல்லை. திருட்டுக்கொடுத்தவன் போலீசில் சொல்வதுபோல இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். கூட்டத்துக்கு வந்திருந்தால் அவரும் கண்ணாடியைத் துடைத்திருப்பார்.

"நல்ல மனுஷி. நான் ஒண்ணும் சொல்லல" என்றார். "ஆனா காயிதத்துல வீரன் நிக்கக் கூடாது பாருங்க. நாளைக்கு நம்ம ஆளுங்க கேப்பாங்க. பத்திரிகை அடிக்கிறதுக்குள்ள சர்க்கார் முத்திரையோட திருத்தி வாங்கிடுங்க. அந்தம்மா கல்யாணத்துக்கு வரட்டும், தாராளமா சாப்பிடட்டும். நலங்கு அது இதுன்னு முன்னால மட்டும் வேணாம்."

எழுந்து அவரை வெளியே போகச் சொல்லியிருக்கவேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? "சரிங்க" என்றேன். இன்னொரு வெற்றிலை எடுத்துக் கொடுத்தேன்.

5

கடைகளின் வாசலை ஒட்டி ஓடும் நடைபாதையை இங்கே அஞ்சடி என்பார்கள். அந்த அஞ்சடியில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிறவரிடம் போனேன். மனுவோடு ஆபீசுக்குப் போனேன். இந்தச் சன்னல் இல்லை, மாடிக்குப் போ என்றார்கள். மாடியில், சாட்சி யார் என்றார்கள். மறுபடி போனேன், துரை இல்லை. மறுபடி போனேன், துரை இருந்தார், புத்தகம் இல்லை. ஐந்தாவது தடவை புத்தகமும் துரையும் ஒரே நாளில் அகப்பட்டார்கள். இருபத்துநாலு வருஷத்துக்கு முந்தின மை மங்கவே இல்லை. ஆபீஸ் கணக்கரான கிராணி விரலால் தடவிக் காட்டினார்.

"இதை மாத்தணும்னா ஒரே வழிதான். அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு, சொன்ன ஆளே வந்து கைநாட்டு வைக்கணும்."

அங்கேயாவது நான் விழித்துக்கொண்டிருக்கவேண்டும். 'கல்யாண விஷயமாக ஆபீசில் ஒரு கைநாட்டு வைக்கணும், வியாழக்கிழமை வரவும்' என்று தோட்டத்துக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்காள் வந்தாள். அத்தை என்ற முறைக்குத்தான் சர்க்காரில் கைநாட்டு கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தாள். மடியில் ஒரு துணிமூட்டை. லயத்துக்குப் பின்னால் அவளே நட்டு, வேகவைத்து, காயவைத்த மஞ்சள். ஜானகி நலங்குக்கு.

"பினாங்கு மஞ்சள்ல என்னடா வாசம் இருக்கு? சாயத்துல முக்கி விக்கிறானுங்க" என்று மாடிப்படி ஏறும்வரை பேசிக்கொண்டே வந்தாள். "உன் சம்பந்தி எப்படி? கோவக்காரனா? ரெண்டு நாள் எங்கூட லயத்துல இருக்கட்டும், சரியாயிடுவான்."

கிராணி அவள் கட்டைவிரலைப் பிடித்து முதலிலேயே மையில் அழுத்திவிட்டார். உளி பிடித்துத் தேய்ந்த விரல். ரேகை நன்றாக விழாது என்று இரண்டு தரம் அழுத்தினார். பிறகுதான் காகிதத்தை வாசித்துச் சொன்னார்.

அக்காள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"அம்மா, இவர் உங்க கூடப்பிறந்தவரா?" என்றார் கிராணி.

"இல்லீங்க."

"அப்ப அன்னைக்குச் சொன்னது பொய்."

"அன்னைக்குப் பொய்தான்."

"அவ்வளவுதான். இங்க வையுங்க."

"கொஞ்சம் இருங்க ஐயா." மை விரலைத் தூக்கிப் பிடித்தபடியே கேட்டாள். "நான் வெக்கிறது எதுக்கு? அன்னைக்குப் பொய் சொன்னேன்னா? இல்ல, இன்னைக்கு இவன் என் தம்பி இல்லேன்னா?"

"ரெண்டும் ஒண்ணுதானே லா?"

"எப்படி ஒண்ணாகும்? அன்னைக்கு இவன் யாரோ, நான் யாரோ. அப்புறம் இவனுக்கு அம்மை போட்டப்ப பக்கத்துல கெடந்தது நான். இவன் கட்டின தாலிக்கு முடிச்சுப் போட்டது நான். இவன் மகளுக்குச் சேனை வெச்சது நான். இப்ப வந்து இல்லேன்னு சொன்னா, இதுதான் பொய். ஒரு தரம் சர்க்காருகிட்டப் பொய் சொன்னேன், ஒரு உசுரு நின்னுச்சு. இன்னொரு பொய் எதுக்குங்க? வெக்க மாட்டேன்."

துரை பேனாவை நிறுத்தி, என்னவாம் என்று கேட்டார். இவ்வளவையும் கிராணி அவரிடம் மூன்றே சொல்லில் சொல்லி முடித்தார். துரை புத்தகத்தை மூடினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

6

இனி எழுதுவதை எழுதாமல் விட்டுவிடலாம். விட்டால் நானும், மாதர் பேர் ஒன்றுமில்லாத அந்த 'மாதர் பெருமை' நோட்டீஸ் மாதிரிதான்.

தாழ்வாரத்தில் அவளை நிறுத்தினேன். வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "என் மக வாழ்க்கையைக் கெடுக்கவா வந்தே? ஒரு விரல் வெச்சா என்ன கொறஞ்சு போயிரும் உனக்கு? நீ யாரு எனக்கு?"

பத்து நாளைக்கு முன் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்ததுகூட எனக்கு மறந்துவிடும். இந்தச் சொல் மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது. கூட்டத்தில் கைதட்டல் வாங்கிய அதே வாய்.

அக்காள் மடியிலிருந்த மூட்டையை எடுத்து என் கையில் வைத்தாள். "இதுல பேரு ஒண்ணும் எழுதலடா. பூசிக்கலாம்" என்றாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

நானும் பின்னாலேயே துறைக்குப் போனேன், பேசத் தைரியமில்லாமல், இருபதடி தள்ளி. படகு வேலைக்காரர்களின் வீட்டு ஆட்களுக்கு டிக்கெட் கிடையாது. இருபது வருஷமாக அவள் கையை வீசிக்கொண்டு ஏறுவாள், கதவில் நிற்கும் சாலே, "அக்கா, மீன் கொண்டு வந்தீங்களா?" என்று வம்பிழுப்பான். அவன் மலாய்க்காரன். எங்கள் எல்லாரோடும் பேசிப் பேசித் தமிழ் வந்தவன்.

அன்று அவள் சன்னலில் போய் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து அவனிடம் நீட்டினாள்.

"என்ன அக்கா, புதுசா டிக்கெட்? சுப்பையா இருக்கான் லா!"

"அவனுக்கு நான் அக்காங்கிறது ஆபீசு புஸ்தகத்துல இருக்கு, சாலே. அவன்கிட்ட இல்ல. கிழி."

சாலே என்னைப் பார்த்தான். கிழித்துப் பாதியைக் கீழே போட்டான். அவள் ஏறிப் போனபிறகு குனிந்து எடுத்தேன். அதில் ஊதா நிறத்தில் ஒரு கட்டைவிரல் அடையாளம் இருந்தது. ஆபீசில் வைக்கமாட்டேன் என்ற விரல். துடைக்க மறந்திருக்கிறாள்.

7

வீட்டில் மஞ்சள் மூட்டையைப் பார்த்ததும் பார்வதி, "அண்ணி எங்கே?" என்றாள். சொன்னேன். அவள் நேரே பூஜைமாடத்தில் இருந்த சங்கத்து நோட்டீசை எடுத்து என் முன் போட்டாள். "மாதர் பெருமையா? தட்டிக்குப் பின்னால நான்தான் அழுதேன். அழுததுக்கு இப்ப வெக்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்று சாப்பாடு என்று யாரும் கூப்பிடவில்லை.

ஜானகி வந்து எதிரில் உட்கார்ந்தாள். "அப்பா, அருணாசலம் யாரு?"

"உன் தாத்தா."

"நான் பார்த்ததே இல்லையே. எனக்கு லெட்டர் போட்டிருக்காரா?"

"இல்ல."

"உங்களுக்கு?"

"ஒண்ணே ஒண்ணு."

"என்ன எழுதியிருந்தாரு?"

முதல் தடவையாக அந்தக் கடிதத்தை உள்ளபடி ஒருவரிடம் சொன்னேன். அவள் மஞ்சள் கிழங்கு ஒன்றை எடுத்துக் கையில் உருட்டினாள். "ஸ்கூல்ல எட்டு வருஷமா தாத்தா பேரு வீரன்னுதான் எழுதினேன். டீச்சர் அது என்ன அர்த்தம்னு கேட்டாங்க. பிரேவ் மேன்னு சொன்னேன், எல்லாரும் கை தட்டினாங்க. இந்த ஆளு பேரை நான் எதுக்கு எழுதணும்? நலங்குக்கு அத்த முன்னால வரணும்பா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அது வேணாம்னா, வேணாம் லா. எனக்கும் அந்த வீடு வேணாம்."

ஊர்க்கணக்கு அவளுக்குத் தெரியவே தெரியாது. எந்தத் தெருவில் எந்தப் பேர் என்பது அவள் படித்த இங்கிலீஷிலும் இல்லை, மலாயிலும் இல்லை. கைவிட்டுப் போகிறாள் என்று நான் அழுதேனே, இதைத்தான் விட்டுப் போயிருக்கிறாள். போகட்டும். நான்தான் கையில் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

மறுநாளே அச்சாபீசுக்குப் போய்க் கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிக்கொடுத்தேன். பிழை பார்க்க எடுத்த முதல் படியைத் தைப்பிங்குக்கு அனுப்பினேன். கூடவே ஒரு கடிதம்: இப்படித்தான் அடிக்கப்போகிறேன், சம்மதமில்லையானால் இப்போதே சொல்லிவிடுங்கள். பத்து நாள் பதில் இல்லை. பார்வதி ஒவ்வொரு நாளும் தபால்காரன் போனபிறகு வாசற்கதவைக் கொஞ்சம் அதிகச் சத்தத்தோடு சாத்தினாள். பதினோராம் நாள் அந்தப் படி திரும்பி வந்தது. முகூர்த்த நேரத்தில் ஒரு எண் தப்பாக இருந்ததைச் சிவப்பு மையில் திருத்தியிருந்தது. வேறு எதிலும் கை வைக்கவில்லை. கீழே மாப்பிள்ளை தன் கையால் எழுதியிருந்தார்: அப்பா இன்னும் பேசவில்லை, நான் வருகிறேன்.

ஊரில் இருக்கும் என் சொந்த அண்ணனுக்கு இங்கே ஒரு வார்த்தை. 'பத்திரிகையில் அருணாசலம் மகன் என்று கொட்டை எழுத்தில் போடு, நாலு பேர் பார்க்கவேண்டும்' என்று எழுதியிருந்தாய். உன் கைக்கு வரப்போகும் பத்திரிகையில் 'வீரன் மகன் சுப்பையா' என்றுதான் இருக்கும். அழைப்பவர்கள் வரிசையில் 'மணமகளின் அத்தை செல்லாயி, மாமா மாயாண்டி' என்று இருக்கும். அச்சுக்கோத்தவர் மேல் பழி போடாதே. அவர் சரியாகத்தான் கோத்திருக்கிறார். நாலு பேர் கட்டாயம் பார்க்கட்டும்.

8

பத்திரிகை அச்சாகி வந்த ஞாயிற்றுக்கிழமை சுங்கை பாக்காப்புக்குப் போனேன். பிறையில் இறங்கி பஸ், பிறகு செம்மண் பாதையில் நடை. மாயாண்டி மச்சான் வாசலில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எதிரில் இருந்த பால்மரத்தை, அன்று கடலைப் பார்த்தாரே, அதே அக்கறையோடு பார்க்க ஆரம்பித்தார்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல்.

"நான்தான்."

"நான்னா? ஆபீசு ஐயாவா?"

நின்ற இடத்திலேயே நின்றேன். என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன், படகில் நாற்பது தரம் சொல்லிப் பார்த்திருந்தேன். நாற்பது வயதைத் தொடப்போகிறவன், பட்டப்பகலில், லயத்து ஆட்கள் பார்க்க, கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அக்காள் வெளியே வந்து பார்த்தாள். உள்ளே போனாள். ஒரு கிண்ணம் கஞ்சியும் கருவாடும் கொண்டுவந்து தரையில் வைத்தாள், கொஞ்சம் சத்தமாகவே. கோபம் போகவில்லை என்று அந்தச் சத்தத்தில் தெரிந்தது. போகவேண்டும் என்று கேட்க எனக்கு என்ன உரிமை?

குடித்து முடித்தேன். பிறகு அக்காள் என் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த பத்திரிகையைப் பார்த்தாள். "என்னடா அது?"

எடுத்துப் பிரித்தேன்.

"படி" என்றாள்.

படித்தேன். வீரன் மகன் சுப்பையா என்பதைப் படித்தேன். மணமகளின் அத்தை செல்லாயி என்பதைப் படித்தேன். மாயாண்டி மச்சான் மரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

அவள் பத்திரிகையை வாங்கி, தலைகீழாகவும் நேராகவும் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் ஊதா மை இன்னும் கொஞ்சம் இருந்தது. என்னிடம் திருப்பி நீட்டினாள்.

"இன்னொரு தரம் படி."

படித்தேன். அக்காள் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.